பாத்திரம் அறிந்து வீடு இடு

வீடு தருகிறோம், காசு வேண்டாம் என்று அரசாங்கமே வாசலில் வந்து நின்றாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஊரைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டால் மும்பையில் மாஹிம் ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்குப் பக்கமாக நடந்து வாருங்கள். அந்த நன்றி கெட்ட ஊர் எங்களுடையதுதான்.

ஒரு புறம் வெஸ்டர்ன் ரயில்வே, மறு புறம் சென்ட்ரல் ரயில்வே, வடக்கே மித்தி நதி. நதியைத் தாண்டினால் கண்ணாடிக் கட்டடங்களாக பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ். நடுவே சுமார் 600 ஏக்கரில் தாராவி. இவ்வளவு விலை போகிற மண்ணில் இத்தனை காலம் எங்களைத் தண்ணீருக்கும் கக்கூஸுக்கும் வரிசையில் நிற்க விட்டுவைத்ததே பெரிய மனசு. அதை உணராமல் 2023 டிசம்பர் 16 அன்று தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தை எதிர்த்து, அதை நடத்துகிற அதானி குழுமத்தின் அலுவலகத்தை நோக்கி இங்கிருந்து ஊர்வலம் போனோம். முன்னாள் முதல்வர் உத்தவ் தாக்கரே முன்னால் நடந்தார். வீடு 500 சதுர அடி வேண்டும், எல்லாருக்கும் தாராவிக்குள்ளேயே வேண்டும் என்று கத்திவிட்டு வந்தோம்.

ஊரே திட்டுகிற காரியத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஒருவராவது வேண்டாமா? அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் போற்ற வேண்டியது திட்டத்தின் ஜோதிட ஞானம். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் நாழிகை குறித்து ஜாதகம் எழுதுவார்கள். இங்கே வீட்டுக்கு எழுதுகிறார்கள். 2000 ஜனவரி 1க்குள் குடிவந்ததற்குக் காகிதம் இருந்தால் கிரகம் உச்சம்: தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி, சும்மா. அதற்குப் பிறகு வந்து, 2011 ஜனவரி 1க்குள் காலை ஊன்றியிருந்தால் நடுத்தரம்: 300 சதுர அடி, தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய் கட்டிவிட்டு. அதற்கும் பின்னால் 2022 நவம்பர் 15 வரை வந்தவருக்கு நீசம்: அவருக்கும் வெளியேதான், அதுவும் வாடகைக்கு; மாதா மாதம் கட்டிக்கொண்டே வந்தால் கடைசியில் ஒருநாள் சொந்தமாகும்.

2000 ஜனவரி 1 அன்று மெட்ராஸிலிருந்து வந்த ரயில் ஏழெட்டு மணி நேரம் லேட்டாகி, விடிந்த பிறகு தாதரில் இறங்கியவன் ஒருவன் இருந்தால், அவன் ரயில்வேயைத் திட்டுவதா, தலையெழுத்தைத் திட்டுவதா? ரயில்வேயைத் திட்டக் கூடாது. மாட்டுங்காவில் இருக்கும் தன் நிலத்தை இந்தத் திட்டத்துக்கே கொடுத்து அது பாவத்தைக் கழுவிக்கொண்டுவிட்டது.

காலம் கருணையற்றது என்றும் சொல்லிவிட முடியாது. மகாராஷ்டிரத்தில் முன்பு 1995 ஜனவரி 1 என்று கோடு போட்டிருந்தார்கள். பிறகு அந்தக் கோடு 2000க்கு வந்தது. பிறகு காசு கட்டினால் 2011 என்று இறங்கியது. நாம் இருந்த இடத்திலேயே இருக்க, தேதி நம்மைத் தேடி நடந்து வருகிறது. பெரும்பாலும் தேர்தல் வருகிற பாதையில் வரும் என்பதால் வழி தவறுவதில்லை.

ஜாதகம் எழுதத் தேவையானவை லைட் பில், ரேஷன் கார்டு, வோட்டர் லிஸ்ட், குடிசைவாசிக்கு அரசாங்கம் கொடுத்த போட்டோ பாஸ். எங்கள் வீடுகளில் நகை இல்லாத பெட்டி உண்டு, இந்தக் காகிதம் இல்லாத பெட்டி கிடையாது. கல்யாணப் புடவைக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் சுற்றி இருக்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, மித்தி பொங்கி, தண்ணீர் இடுப்பளவு நின்றதே, அன்றைக்குப் பெட்டியைப் பரணில் வைக்கத் தவறியவர்களின் பூர்வீகம் மையோடு கரைந்து அரபிக்கடலுக்குப் போய்விட்டது. புடவையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பில்லை விட்டவர்கள் அனுபவிக்கட்டும்.

தேறியவரை மராட்டியில் ‘பாத்ர’ என்பார்கள், தேறாதவரை ‘அபாத்ர’. முதன்முதலாக அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று நம் பாட்டிமார் சொன்னதை ஒரு மராட்டிய அரசாங்கம் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிறது! தமிழுக்கு இதைவிட மரியாதை மும்பையில் யார் செய்திருக்கிறார்கள்? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிற எங்கள் அக்காமார்தான், வந்து பட்டியலைப் பார்த்து, தாங்கள் பாத்திரமே இல்லை என்று தெரிந்துகொள்கிறார்கள்.

அடுத்து, திட்டத்தின் உயரமான பார்வை. தாராவியில் கீழே கோலி என்கிற ஓர் அறை, அதன் மேலே தகரமும் மரமும் வைத்து எழுப்பிய ஒரு மாளா, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி, பிடித்து ஏறக் கயிறு. சந்துக்குப் பத்து வீடு இப்படித்தான். எங்களுக்கு அது ஒரே வீடு. திட்டத்துக்கு அது இரண்டு ஊர். தரைத்தளத்தில் இருப்பவர், காகிதம் சரியாக இருந்தால், தாராவிக்காரர். மாளாவில் இருப்பவர் எந்த ஆண்டு ஏறியிருந்தாலும் தாராவிக்கு வெளியே, அந்த வாடகை வகையில்.

எங்கள் பக்கத்தில் ஓர் ஆச்சி. கீழே மூத்த மகன், மேலே இளையவன். பகல் முழுவதும் கீழே கிடப்பாள், ராத்திரி படுக்கை மேலே, காற்று வருமாம். கணக்கெடுப்பு 2024 மார்ச் 18 அன்று கமலா ராமன் நகரில் தொடங்கிச் சந்து சந்தாக வந்தது. சுவரில் எண் போட்டார்கள். கீழுக்கு ஒன்று, மேலுக்கு ஒன்று. அன்று சாயங்காலம் ஆச்சி கேட்டாள்:

“ஏல, கீழ உக்காந்தா நான் தாராவி. மேல ஏறிப் படுத்தா?”

“தேவ்னாரோ முலுண்டோ, எங்கன்னு இன்னும் சொல்லலம்மா.”

“தெனமும் பத்து படியில அம்புட்டு தூரமா போயிட்டு வாரேன்? அதான் முட்டு வலிக்கி.”

பத்துப் படியில் பத்துப் பதினைந்து கிலோமீட்டரைக் கடக்கிற ஏணியை உலகத்தில் வேறு எந்தப் பொறியாளரும் கட்டியதில்லை.

வேகத்தையும் சொல்லியாக வேண்டும். 1995இல் குடிசைவாசிக்கு 225 சதுர அடி என்றார்கள். 2008இல் 269 ஆனது. 2018இல் 300. 2024 ஜனவரியில், தாராவிக்கென்று தனிச் சலுகையாக, மற்ற இடங்களைவிட 17 சதவீதம் கூடுதலாக 350 என்று அறிவித்தார்கள். ஆக 29 ஆண்டில் 125 சதுர அடி வளர்ந்திருக்கிறது. நாங்கள் கேட்பது 500. பாக்கி 150தான். இதே நடையில் வந்தால் 2059 வாக்கில் கையில் கிடைத்துவிடும். இதற்குப் போய் ஊர்வலமா?

அந்த 350க்குள் எல்லாம் உண்டு என்பதும் உண்மை. தனிக் கக்கூஸ் உண்டு. இதில் எனக்குக் கிண்டல் கிடையாது. விடியற்காலையில் டப்பாவோடு வரிசையில் நின்றவர்களுக்குத்தான் அந்தக் கதவின் அருமை தெரியும். சமையலறை உண்டு, படுக்கையறை உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்று, பிழைப்பு. அது வீட்டுக்குள் இருக்கக் கூடிய சாமான் என்று வரைபடம் போட்டவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இட்லிக்கார அக்காவின் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் பாத்திரம் கழுவுகிற மோரி ஓரத்தில் கிரைண்டர் ஓடும். ராத்திரி மாவுத் தூக்குகளுக்கு நடுவில் பிள்ளைகள் சுருண்டு படுத்திருக்கும். மூன்று மணிக்கு எழுந்து பிள்ளைகளைச் சுவரோரம் நகர்த்திவிட்டு அடுப்பைப் பற்றவைத்தால், தட்டுத் தட்டாக அடுக்கி வேகவைத்து, தேங்காய்ச் சட்னி அரைத்து, ஆறு மணிக்கு அலுமினியப் பாத்திரங்களில் ஈரத்துணி போட்டு மூடிவிடுவாள். வீட்டுக்காரர் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனைப் பாம் பாம் என்று அமுக்கியபடி போவார். மாட்டுங்காவில் வாக்கிங் முடித்து வருகிற மாமாக்கள் சாப்பிடுகிற அந்த இட்லி தாராவியின் ஒரு படுக்கையறையில் வெந்தது. திட்டப்படி அக்காள் பதினெட்டாவது மாடிக்குப் போவாள். மூன்று மணிக்கு லிஃப்ட் வேலை செய்தால் பாத்திரம் இறங்கும். செய்யாவிட்டால் இட்லியை மேலிருந்தே ஏலம் போடலாம், மும்பை முழுக்கக் கேட்கும்.

கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சூளை போடுகிறார்கள். சந்துக்குச் சந்து கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் அப்பளம் காயவைக்கிறார்கள். பதின்மூன்றாம் காம்பவுண்டில் ஊர் வீசிய பிளாஸ்டிக்கைப் பிரித்து நொறுக்கி மறுபடி ஊருக்கே பண்டமாக்கித் தருகிறார்கள். திட்டம் இவர்களை மறக்கவில்லை. மாசு செய்யாத, தகுதியுள்ள தொழில்களுக்கு உள்ளே இடம் உண்டு, ஐந்து ஆண்டுக்கு மாநில ஜிஎஸ்டியைத் திருப்பித் தருவார்களாம். ஜிஎஸ்டியை வாழ்நாளில் தரிசித்தே இராத இட்லிக்கார அக்காவுக்கு அதில் எவ்வளவு திரும்ப வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மனசு நிறைந்தது.

வெளியே அனுப்புகிற இடங்களின் தேர்வில்தான் ரசனை தெரிகிறது. தேவ்னாரில் 124 ஏக்கர் ஒதுக்கினார்கள். 1927 முதல் மும்பை தன் குப்பையைக் கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்திருக்கும் இடம். 2016 ஜனவரியில் அது தீப்பிடித்துப் பல நாள் புகைந்தபோது வானத்திலிருந்து செயற்கைக்கோள் படம் எடுத்தது. செம்பூரில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமியவர்களைக் கேட்டால் அதன் நறுமணத்தை இன்றும் வர்ணிப்பார்கள். மும்பையின் குப்பையைப் பிரித்துப் பிழைக்கிற சாதி ஜனங்களை அதன் மேலேயே குடிவைப்பதில் போக்குவரத்துச் செலவு எவ்வளவு மிச்சம்!

அந்த ஊருக்கு எங்களுக்கு முன்பே போனவர்கள் உண்டு. பாந்த்ராவில் இருந்த ஆடுமாடு வெட்டும் கூடத்தை 1971இல் தேவ்னாருக்குத்தான் மாற்றினார்கள். அந்தத் தோலை நம்பித்தான் தாராவியின் பதனிடும் தொட்டிகள் இருந்தன, அந்தத் தொட்டிகளில் கால் வைக்கத்தான் திருநெல்வேலிச் சீமையிலிருந்து எங்கள் தாத்தாமார் வந்தார்கள். ஆடும் மாடும் முன்னே போய் வழி பார்த்து வைத்திருக்கின்றன. நாங்கள் ஐம்பது வருஷம் கழித்து மெதுவாகப் போகிறோம்.

தேவ்னார் பிடிக்காவிட்டால் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பக்கம் 255.9 ஏக்கர் உப்பள நிலம் இருக்கிறது. கடல் ஏறும்போதும் பேய்மழை பெய்யும்போதும் தண்ணீர் வந்து தங்குகிற தாழ்வான பூமி. 944 மில்லிமீட்டரில் காகிதத்தைத் தொலைத்தவர்களுக்கு அடுத்த 944ஐ முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க இடம். கடற்கரை வேண்டுவோருக்கு மலாட் மால்வணியில் ஆக்சா பக்கம் 140 ஏக்கர். மரநிழல் வேண்டுவோருக்குக் குர்லாவில் மதர் டெய்ரியின் 21 ஏக்கர். ஒருத்தரையும் வீடில்லாமல் விடமாட்டோம் என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். அந்தச் சத்தியத்தில் ஊர்ப்பெயர் இல்லை என்று குறை சொல்வது அற்பத்தனம்.

இங்கேதான் திட்டத்தின் மகத்தான சாதனை வருகிறது. மும்பையில் எந்த இரண்டு பேட்டையை ஒரே பேச்சுப் பேச வைக்க முடியும்? முலுண்டில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து கொட்டாதே என்று பலகை பிடித்தார்கள். தண்ணீரும் சாலையும் ஆஸ்பத்திரியும் எங்களுக்கே போதவில்லை என்றார்கள். குர்லாவில் மரங்களை வெட்டாதே, அந்த நிலத்தைப் பூங்காவாக்கு என்று தெருவுக்கு வந்தார்கள். அவர்கள், தாராவிக்காரர்கள் இங்கே வரக் கூடாது என்கிறார்கள். நாங்கள், அங்கே போக மாட்டோம் என்கிறோம். சம்பந்தம் பேச உட்கார்ந்த இரு வீட்டாரும் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று முதல் பேச்சிலேயே ஒத்துப்போன மாதிரி! மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த தரகருக்கு மட்டும்தான் கல்யாணத்தை நடத்தியே தீர வேண்டும்.

முலுண்ட்காரர்களையும் வாழ்த்தாமல் இருக்கக் கூடாது. தாராவியின் உழைப்பை அவர்கள் ஒருபோதும் குறைத்துச் சொன்னதில்லை. அங்கிருந்து பெல்ட் வரலாம், பானை வரலாம், இட்லி வரலாம், வீட்டு வேலைக்கு ஆள் வரலாம். ஆறு மணிக்கு ரயிலேறித் திரும்பிப் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

கணக்குக்கு வருகிறேன். தாராவியை மாற்றியமைக்கப் பணம் ஒதுக்குவதில் அரசுகள் என்றுமே சளைத்ததில்லை. 1985இல் ராஜீவ் காந்தி மும்பைக்கு 100 கோடி அறிவித்து, அதில் ஒரு பங்கு இங்கே வந்தது. 2004இல் மறுசீரமைப்புத் திட்டத்துக்கு மாநில அரசு ஒப்புதல் கொடுத்தது. டெண்டர்கள் வந்தன, போயின. 2019இல் செக்லிங்க் என்ற நிறுவனம் 7,200 கோடிக்கு முன்னணியில் நின்றது. ரயில்வே நிலம் சேர்ந்துவிட்டதால் நிலைமை மாறியது என்று 2020இல் அதை ரத்து செய்தார்கள். புது டெண்டரில் 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடிக்கு முதலிடம் பெற்றது. நிலம் கூடியபோது தொகை குறைந்தது. எதிர்த்துப் போன வழக்கை பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது, ஆகவே அந்த நீதிமன்றத்தின்படி எல்லாம் சரி. எனக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்தான் பாவம், பெரிய எண் எது சின்ன எண் எது என்று தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார். இப்போது நடத்துகிற கம்பெனியில் 80 பங்கு அவர்களுக்கு, 20 பங்கு அரசாங்கத்துக்கு. இங்கே குடியிருக்கும் எங்களுக்கு மிச்சப் பங்கு முழுவதும்.

அதியமானுக்காகத் தூது போன அவ்வை, தொண்டைமானின் ஆயுதச்சாலையைப் பார்த்துப் புகழ்ந்தாளாம்: உன் வேல்களெல்லாம் நெய் பூசி மாலை போட்டு எவ்வளவு பளபளப்பாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று. இருபது வருஷமாகத் தாராவிக்காக வரைந்த படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் ஞாபகம்தான். மரம், நீரூற்று, சைக்கிள் ஓட்டும் வெள்ளைச் சட்டைக் குழந்தை. ஒரு மூலைகூடக் கசங்கவில்லை. எங்கள் வீடுகளோ புழங்கிப் புழங்கித் தேய்ந்து, ஒட்டுப்போட்டு, மேலே ஒன்று வைத்து, கண்ணில் வைத்துப் பார்க்கிற மாதிரியே இல்லை.

புகழ்ச்சி எங்களுக்குப் புதிது என்று நினைத்துவிடாதீர்கள். 2009இல் இங்கிலாந்து இளவரசர் சார்லஸ் தாராவியிடம் உலகம் கற்றுக்கொள்ள இருக்கிறது என்றார். 2020 ஜூலையில் கொரோனாவை அடக்கியதற்காக உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் பெயர் சொல்லிப் பாராட்டினார். இப்படி ஒவ்வொருவராகப் புகழப் புகழ எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். வீட்டுக்காரன் திடீரென்று வாடகைக்காரனைப் பார்த்துச் சிரித்தால் சாமானைக் கட்ட வேண்டும் என்று அர்த்தம்.

இந்த மண் ஒரு காலத்தில் மண்ணே இல்லை. மாஹிம் கழிமுகத்தின் சேறு. ஓரத்தில் கோலி மீனவர்களின் ஊர் இருந்தது. பிறகு வந்த குயவர், தோல் தொழிலாளி, கொத்தனார் எல்லாரும் குப்பையும் கல்லும் மண்ணும் கூடை கூடையாகக் கொட்டி, அடுத்த மழையில் அது உள்ளே போக, மறுபடி கொட்டித்தான் நிற்கத் தரை உண்டாக்கினார்கள். எந்தத் தேதியில் அது சேறாக இருப்பதை நிறுத்தி நிலமானது என்று எழுதி வைக்கவில்லை. அவர்கள் வீட்டில் அப்போது லைட்டே இல்லை, பில் எங்கிருந்து வரும்? முதல் கூடை மண்ணைக் கொட்டியவன் இன்று வந்து நின்றால், காகிதம் இல்லாத காரணத்தால், அவனும் அபாத்ர. இவ்வளவு பாரபட்சமற்ற திட்டத்தை நான் பார்த்ததில்லை.

நேற்று ராத்திரி ஆச்சி வழக்கம்போல ஏணியில் ஏறினாள். ஒரு கையில் கயிறு, மறு கையில் இளையவன் பிள்ளைகளுக்கு நாலு இட்லி வைத்த தூக்கு. ஐந்தாவது படியில் மூச்சு வாங்க நின்றுவிட்டாள். கீழேயிருந்து பேத்தி, “ஆச்சி, எறங்கிருங்க, கீழ இருந்தாத்தான் நம்ம ஊரு” என்றாள். மேலேயிருந்து பேரன், “ஆச்சி, இட்லி ஆறுது, மேல வாங்க” என்றான். ஐந்தாவது படி எந்த ஊர்க் கணக்கில் சேரும் என்று திட்டத்தில் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. இவ்வளவு நுணுக்கமாக அளந்தவர்கள் அதை மட்டும் விட்டுவிட மாட்டார்கள். அடுத்த வரைபடத்தில் வந்துவிடும். அதுவரைக்கும் ஆச்சி அங்கேயே நின்றுகொண்டிருக்கட்டும்.